தலைகீழாக நிற்கக் காத்திருந்த யானை

வெட்டுப்பட்டுச் சதுரங்கப் பலகையோரம் கிடந்த வெள்ளை யானைக்கு இருப்புக்கொள்ளவில்லை. சண்பகாவின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டது. இனி அங்கே ராணியை வைக்க வேண்டும். வெட்டுப்பட்ட ராணியோ எதிராளியின் கைக்குள் இருந்தாள். அவள் கடிகாரத்தில் மிச்சம் ஒன்பது நொடி. ஜெயித்தால், பதினான்கு வருடமாகத் துரத்திய கிராண்ட்மாஸ்டர் பட்டம்.

"என்னைத் தலைகீழாக வை, தாயி! வீட்டு ஆட்டத்தில் ராணி தொலைந்தால் அப்படித்தானே செய்வீர்கள்!"

"போட்டியில் நீ குட்டிக்கரணம் போட்டாலும் யானைதான்யா," என்றது கடிகாரம்.

சண்பகாவின் விரல் யானையைத் தொட்டது. யானை மூச்சை அடக்கிக்கொண்டது. விரல் விலகிப் போய்க் கடிகாரத்தை நிறுத்தியது.

"சார், எனக்கு ராணி வேண்டும்," என்று நடுவரைக் கூப்பிட்டாள்.

நடுவர் எதிராளியிடம் கையை நீட்டினார். எதிராளியின் விரல்கள் விரிவதை யானை ஒவ்வொன்றாக எண்ணியது. நான்காவது விரல் விரிந்தபோது ராணியின் கிரீடம் தெரிந்தது.