கண்ணசைவு

லாரி ஷெட் முதலாளி அலறல் கேட்டுப் பின்பக்கம் ஓடி வருவதற்குள் அவருடைய மருமகனின் கை மளுக்கென்று முறிந்துவிட்டது.

"அடப்பாவி! மாப்பிள்ளைய எதுக்குடா அடிச்சே?"

அடியாள் இரும்புக் கம்பியோடு திருதிருவென விழித்தான். "நீங்கதானே அண்ணே கண்ணடிச்சீங்க?"

அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. முதலாளி யாரைப் பார்த்துக் கண்ணடித்தாலும் அந்த ஆளைத் தனியே தள்ளிக்கொண்டு போய் நொறுக்கிவிடுவான். ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தின்ற சோற்றுக்கு அவ்வளவு விசுவாசம்.

மருமகனை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதலாளி பழைய டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் கண்ணடிக்கலடா. ஒரு மாசமா அது தானா அடிச்சுக்குது. ஏதோ கெட்ட பழக்கம்னு நெனச்சேன். பழக்கம்னா நெனச்சா நிறுத்திடலாம், இது நம்ம சொல் கேக்காது, வியாதின்னு டாக்டர் இன்னைக்குக் காலைலதான் சொன்னாரு."

அடியாள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

"அப்போ அந்த டீக்கடைக்காரர்?"

"அவரையுமா? அதான் கடையே தொறக்கலையா! டீ நல்லாருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்டா."

கம்பி அவன் கையிலிருந்து நழுவியது.

"போன வாரம் ஒருத்தன் டிரைவர் வேலை கேட்டு வந்தானே அண்ணே..."

"ஆமா, சேத்துக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ இழுத்துட்டுப் போயிட்டே. யாருடா அவன்?"

"என் தம்பிண்ணே. ஆஸ்பத்திரில இன்னும் கண்ணு முழிக்கல."