ஒரு பொறி

மலைக்கோயிலுக்குப் போகிற வழியில், எந்தக் காலத்திலோ கட்டிய மரச் சத்திரம் ஒன்று இருந்தது. அதன் கூரையைத் தாங்கிய உத்தரத்துக்கு நெருப்பென்றால் நடுக்கம். யாத்திரைக்காரர்கள் மழையில் நனைந்து வந்து அடுப்பைச் சுற்றி உட்காரும்போதெல்லாம் அது மேலேயிருந்து புலம்பும்.

"அடுப்பண்ணே, மெதுவா எரி! ஒரு பொறி மேலே பறந்தாலும் நான் சாம்பல்!"

"இத்தனை வருஷமா எரியிறேன். புகையைத் தவிர உன்மேல என்ன பட்டிருக்கு?"

"அந்தப் புகையும் வேண்டாம். மூச்சு முட்டுது."

நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் அடுப்பு அணைந்துவிட்டது. எவ்வளவு ஊதியும் பற்றவில்லை. குளிரில் வெடவெடத்த யாத்திரைக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த சத்திரத்துக்குப் போனார்கள். அதன்பிறகு இங்கே யாரும் தங்கவில்லை. உத்தரம் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் அதன் வயிற்றுக்குள் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது.

"யாரது?"

"கரையான்கள்தான். புகை இருந்தவரை கிட்டவே வர முடியல. இப்போ குடும்பத்தோட வந்துட்டோம்."

உத்தரம் அலறியது. "அடுப்பண்ணே! ஒரே ஒரு பொறியாவது மிச்சம் இருக்கா?"

"சாம்பல்தான் இருக்கு," என்றது அடுப்பு. "மூட்டுறதுக்கு யாரையாவது கூப்பிடு, பார்க்கலாம்."