மொத்தம் பத்து ஆம்பியர்

வயர்மேன் நீட்டிய சீட்டில் வீட்டுக்காரர் பெயர் இல்லை.

வயர்மேனுடைய மனைவி முதலில் பார்த்ததே அதைத்தான். பதினான்கு வருஷமாக அவர் ஒயர் இழுக்கிற வீடுகளுக்கெல்லாம் கணக்குப் போடுகிறவள் அவள். எந்தெந்தச் சாமான் எத்தனை வாட் என்று அவர் எழுதி வருவார். அவள் 230 வோல்ட்டால் வகுத்து, எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடும் என்று சொல்வாள். அதற்கேற்ற ஒயரை அவர் வாங்குவார். வகுத்தல் என்றாலே மனிதர் காத தூரம் ஓடுவார்.

சீட்டின் தலையில் பல் டாக்டர், மாடி வீட்டு டீச்சர் என்று ஏதாவது இருக்கும். இன்று காலி.

"யார் வீட்டுக்கு?"

"தெரிஞ்சவங்கதான். நீ கணக்கப் போடு." சொல்லிவிட்டு, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

தெரிஞ்சவங்களாம். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை, முகம் பார்த்துப் பேச்சில்லை. எவளோ ஒருத்தி இருக்கிறாள்.

இண்டக்‌ஷன் அடுப்பு, 1200 வாட். வகுத்தாள். ஐந்து புள்ளி இரண்டு. சமைத்துப் போடுகிறாளா மகராசி? இங்கே எதை வைத்தாலும் நொட்டை சொல்கிற வாய், அங்கே தட்டை வழித்துச் சாப்பிடும்.

அயர்ன் பாக்ஸ், 1000. நாலு புள்ளி மூன்று. சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டு, காலரை வேறு இழுத்துச் சரிசெய்து அனுப்புவாளாக்கும். பேனா முனை தாளைக் கிழித்தது.

ஃபேன், 80. காற்று வாங்கட்டும், நன்றாக வாங்கட்டும்.

கடைசி வரி: கட்டில் தலைமாட்டில் லைட், 20. விடிய விடிய எரியும்.

கட்டில் வரைக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், அதுவும் கட்டின பெண்டாட்டி.

பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டினாள். 2300 வாட். வகுத்தால் முழுசாகப் பத்து ஆம்பியர்.

பத்துதானா?

இரண்டு பேர் குடியிருக்கிற வீட்டுக்கு இவ்வளவு சின்னக் கணக்கை அவள் போட்டதே இல்லை. மேலிருந்து மறுபடி படித்தாள். மிக்ஸி இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை. வாஷிங் மெஷின் இல்லை. ஃபேன் ஒன்று, கட்டில் ஒன்று, லைட் ஒன்று.

அந்த லைட்.

கல்யாணமான புதிதில் அவர் கெஞ்சிக் கேட்டது ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். அவளுக்கு இருந்தால் வராது. பதினான்கு வருஷமாக அணைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

வயர்மேன் சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கண் மட்டும் சுவரில் இருந்தது.

அந்த வீட்டில் எவளும் இல்லை. இருந்திருந்தால் நேரே போய், தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

கீழே பத்து என்று எழுதினாள். பிறகு, மேலே காலியாகக் கிடந்த இடத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தாள்.