மூன்றில் ஒன்று

ஆக்சிஜன் சிலிண்டரின் முள் மூன்றில் ஒன்றில் நின்றது.

ஆம்புலன்ஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டிய பிறகுதான் மலர்விழி அதைக் கவனித்தாள். திண்டிவனத்தில் ஏறும்போது பார்க்கத் தோன்றவில்லை. அப்பாவை ஏற்றினால் போதும் என்றிருந்தது.

முன்பக்கக் கண்ணாடியைத் தட்டி, டிரைவர் புகழேந்தியிடம் இது போதுமா என்று கேட்டாள்.

"முழு சிலிண்டர்னா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கரெக்டா வரும்க்கா. பேஜாராவாதீங்க, ஜல்தியாதான் போய்க்கினு இருக்கேன்."

முழுசாக இருந்தால்.

மொத்தத் தூரம் முப்பது கிலோமீட்டர். இன்னும் பதினைந்து இருக்கிறது. ரோடு பாதி, காற்று மூன்றில் ஒன்று.

பாதிதான் பெரியது.

ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் அவள் நடத்துகிற கணக்கு. கரும்பலகையில் அது யாரையும் கொன்றதில்லை.

அப்பா மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"எடுக்காதீங்கப்பா. கொஞ்ச நேரம்தான், கையக் கீழ வைங்க."

அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திவிட்டு, மறுபடியும் முள்ளைப் பார்த்தாள்.

இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். ஐந்தில் இரண்டு.

பகுதியைச் சமமாக்கினாள். ரோடு பதினைந்தில் ஆறு. காற்று பதினைந்தில் ஐந்து. ஒரே ஒரு பங்கு குறைகிறது. அந்த ஒரு பங்குத் தூரத்துக்கு அப்பா எதைச் சுவாசிப்பார்?

கரும்பு லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் போனது. சைரன் அலறியது. உள்ளே வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

லாரி ஒதுங்கியது. பத்து கிலோமீட்டர். மூன்றில் ஒன்றும் மூன்றில் ஒன்றும்.

சமம்.

விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. இன்னும் ஆறு. ஐந்தில் ஒன்று. இப்போது காற்றுதான் பெரியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்பாவின் கை இழுப்பதை நிறுத்தியிருந்தது. புரிந்துகொண்டார் என்று நினைத்தாள்.

ரோடு பத்தில் ஒன்றானது. அதற்கும் கீழே போனது. மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. சைரன் அடங்கியது. கதவைத் திறந்துகொண்டு ஊழியர் ஒருவர் ஏறினார்.

"பயந்துகினே வந்தேங்க. பாருங்க, இன்னும் மூணுல ஒரு பங்கு அப்படியே இருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, குழாயைக் கழற்றுவதற்கு முன், அதற்குக் காற்றை விடும் திருகை மூடப்போனார். திருகு அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தித் திருப்பினார்.

அது மூடித்தான் இருந்தது.

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

மலர்விழி இன்னும் அந்தக் கையை விடவில்லை.