பதில் சொல்லாத பெட்டி

இருநூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளில் இருநூற்றுப் பதினேழு பிழைத்துக்கொண்டன. கடைசி ஒன்று மட்டும் திரையில் சாம்பல் நிறப் புள்ளியாகக் கிடந்தது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதிலே இல்லை.

"அது செத்தே போச்சுடி. விடு, நாளைக்கு ஆள் அனுப்பி மாத்திக்கலாம்" என்றாள் சுருட்டை.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தி கண்ணாடி, இன்னொருத்தி சுருட்டை. இன்றைக்கும் ஆபீஸில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் பெட்டிகளுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்டேட் அனுப்புவது இருவரின் வேலை.

முந்தாநாள் காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி அனுப்பிய அப்டேட்தான் வினையாகிவிட்டது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. பழையதைத் திரும்ப ஏற்றி ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்க இன்று மதியம் ஆகிவிட்டது. அவள் வீட்டிலும் அதே பெட்டி, அதே கதி. முழங்கால் வலியோடு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியதைப் பார்த்துவிட்டு, முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு வேலைக்கு ஓடி வந்திருந்தாள்.

சாதாரணமாக இப்படி நடக்க வழியில்லை. ஒருத்தி அப்டேட்டை எழுதினால், மற்றவள் அதை மேசையிலிருக்கும் சோதனைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்து "போடலாம்" என்று சொல்ல வேண்டும். காகிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. எட்டு வருடமாக வாய்வார்த்தைதான். இந்தத் தடவையும் முந்தின நாள் சாயங்காலமே சுருட்டை ஓட்டிப் பார்த்து "போடலாம்" என்றாள். அதன் பிறகு கண்ணாடி அதிலிருந்த தேதியை மட்டும் திருத்தினாள். அந்த ஒரு வரியில்தான் சறுக்கியிருக்க வேண்டும் என்று சுருட்டை சொன்னபோது அவளுக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

ஊரே கை கழுவத் தண்ணீரில்லாமல் தவிக்க, மேனேஜர் மட்டும் சுத்தமாகக் கை கழுவிவிட்டார். சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று உயிரை எடுத்தவர் அவர்தான். இப்போது, தவறு முழுக்க என்னுடையது, வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று நாலு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் அவரே வெளியே தள்ளுவாராம். அப்புறம் வேறெங்கும் வேலை கிடைக்காதாம். அடுத்த மாதம் உங்கள் இருவரில் ஒருத்திதான் பிரிவுக்குத் தலைமை, அநேகமாக அது நீதான் என்று போன வாரம் அவளிடம் தேனொழுகச் சொன்ன அதே வாய்.

எட்டு வருடம் மாடாக உழைத்தவளை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே, இந்த மனிதருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று மனம் கொதித்தது.

சுருட்டை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைத் தோளோடு அணைத்தாள். ஈரம் காயாத சுருள்முடி கன்னத்தில் சில்லென்று பட்டது. கண்ணாடி கூசிப்போய் விலகிக்கொண்டாள். இரண்டு நாள் வியர்வை. தன் நாற்றம் தனக்கே சகிக்கவில்லை.

"எங்க வீட்லயும்தான் சொட்டுத் தண்ணி இல்ல. உன்மேல நான் கோவப்பட்டேனா?" என்றாள் சுருட்டை. போன மாதம்தான் அவள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள்; சாமான்களை ஒதுக்கி முடித்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வம்பு பண்ணாம எழுதிக் குடுத்துடுடி. அவர் கொஞ்சம் ஆறினதும் நானே பேசி உன்னைத் திரும்ப உள்ள கொண்டுவரேன்."

இத்தனை பெரிய ஆபீஸில் தன் பக்கம் பேச இவளாவது இருக்கிறாளே என்று கண்ணாடி நினைத்துக்கொண்டாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக்கூடச் சுருட்டைதான் கொடுத்தாள். மை காய்வதற்குள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள்.

கண்ணாடி அப்போதே கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நாளைக்கு ஆள் போகும்வரை அந்தக் கடைசிக் கட்டடத்துக்காரர்கள் என்ன பாடுபடுவார்களோ. பட்டியலில் பெட்டி எண்ணும் வாட்ச்மேனின் போன் நம்பரும் மட்டுமே இருந்தன. கூப்பிட்டாள்.

எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டாள். தவறு தன்னுடையதுதான், இன்னும் ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இங்க தண்ணிக்கு ஒரு குறையும் இல்லீங்களே. இன்னைக்குக் காலையில கூட டேங்க் நிரம்புச்சு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் பெட்டி சாகவில்லை. அப்டேட்டே அதற்குப் போய்ச் சேரவில்லை. பெட்டியில் நெட் வயர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்றார் அவர்.

"அதை முந்தாநாள் காலையில எட்டு மணிக்கே பிடுங்கியாச்சும்மா. நான் சொல்ற வரைக்கும் யாரும் மாட்டக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டுப் போனாங்க."

"யாரு சொன்னா?"

"உங்க ஆபீஸ் அம்மாதான், மூணாவது மாடிக்குப் புதுசா வந்தாங்களே, சுருட்டை முடி."