மருதமரம் குடிவந்த வீடு

மரங்கள் பிடித்த இடத்தில் குடியேறலாம், யாரும் கிளப்பக்கூடாது என்று சட்டம் வந்தபோது பனைமரங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஆற்றங்கரை மருதமரம் மட்டும், ஆறு வற்றியதும் வேரைச் சுருட்டிக்கொண்டு நடந்துபோய் வேலாண்டியின் வீட்டுக் கூடத்தில் நின்றது. மருதத்துக்கு ஈரம் வேண்டும். அந்த வீட்டில் தரைக்கடியில் தண்ணீர்க்குழாய் பல வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது.

வேலாண்டியும் மனைவி பேச்சியம்மாளும் ஆற்றங்கரையில், மரம் காலி செய்த பள்ளத்தருகே குடிசை போட்டார்கள்.

"குழாயைச் சரிபண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியளா?"

"மரம் வரும்னு யாரு கண்டா?"

வீட்டை நினைத்து நினைத்து வேலாண்டிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் மருதமரம் அது ஒன்றுதான்.

"போய்க் கேளுங்க. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கேக்காதிய."

வேலாண்டி தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். மருதம் பட்டையைச் செதில் செதிலாகத் தானே உதிர்க்கிற ஜாதி. வாசற்படியில் ஒரு குவியல் கிடந்தது. அள்ளிக்கொண்டு வந்தார். கஷாயம் உள்ளே போகப் போக நெஞ்சு தேறியது.

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. "இப்பவாவது குழாயை அடைச்சிட்டா, அது தானா காலி பண்ணிரும்லா?"

"பண்ணிரும். மறுபடி நெஞ்சு வலிச்சா எங்க போக?"

இப்போதும் வாரம் தவறாமல் வேலாண்டி அங்கே போகிறார். பட்டையைப் பொறுக்கிக்கொண்டு, குழாய் ஒழுங்காகக் கசிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.