சூட்டோடு சூடாக ஒரு தீர்ப்பு

“அம்மா, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்கம்மா. ஒரே ஒரு வாய்தா குடுங்க, புண்ணியமாப் போகும்!”

குற்றவாளிக் கூண்டில் நின்றவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. நீதிபதியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் இந்த நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த வழக்கின் தூசியே அவரைத் தும்ம வைத்துவிட்டது. குடித்துவிட்டுக் காரை ஒரு சலூனுக்குள் விட்டு, சலூன்காரரின் காலை முறித்த வழக்கு. காலின் கட்டை எப்போதோ அவிழ்த்தாயிற்று. வழக்கின் கட்டைத்தான் இதுவரை யாரும் அவிழ்க்கவில்லை.

கூண்டுக்காரரின் வக்கீல் எழுந்தார். “அம்மா, கொஞ்சம் அவகாசம் வேணும். எங்க அத்தை தவறிட்டாங்க...”

“போன வருஷமும் அத்தைதான் தவறியிருக்காங்க. அதுக்கு முந்தின வருஷமும் அத்தைதான். உங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை பொண்ணுங்க? உட்காருங்க!”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வக்கீல் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சலூன்காரர் விந்தி விந்தி நடந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். நீதிபதிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பாதி வாடிக்கையை எதிர்க்கடையிடம் பறிகொடுத்த மனிதர். இவருக்கு இன்றைக்கே ஒரு நியாயம் செய்யாவிட்டால், இந்த நாற்காலியைத் தேய்த்து என்ன பிரயோஜனம்?

“அன்னைக்குக் காரை ஓட்டினவர் இங்க இருக்காரா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“இதோ, அந்தக் கூண்டுல நிக்கிறாரே, இவருதாங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நடந்தது இருட்டுற நேரம். ரொம்ப நாளும் ஆச்சு. முகம் மறந்திருக்கப் போகுது.”

“எப்படிங்க மறக்கும்? வாய்தாவுக்கு வாய்தா இதே கூண்டுல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“போதும், போதும்” என்று நீதிபதி பேனாவைத் திறந்தார். “குறுக்கு விசாரணை இருக்கா?”

வக்கீல் பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். “இல்லைங்கம்மா. அபராதத்தோட விட்டுட்டீங்கன்னா கட்டிடுவோம்.”

நீதிபதி கூண்டுப் பக்கம் திரும்பினார். “சாட்சி சொன்னதைக் கேட்டீங்கல்ல? நீங்க என்ன சொல்றீங்க?”

கூண்டுக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒரு வாய்தா குடுத்தீங்கன்னா, கேட்டுட்டு வந்து சொல்றேம்மா.”

என்ன கொழுப்பு! அத்தோடு நீதிபதியின் பொறுமை போயிற்று. குற்றம் நிரூபணம், ஆறு மாதச் சிறை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். முன்னால் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்ததை ஒரே காலையில் முடித்தாயிற்று.

“நீங்க மகராசியா இருக்கணும்மா” என்று சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீதிபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காவலர் வந்து கூண்டுக்காரரின் கையைப் பிடித்தார். அவரோ கம்பியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு வக்கீலைத் தேடினார். வக்கீல் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

“ஐயோ, ஜெயிலுக்கெல்லாம் நான் போக மாட்டேம்மா! எங்க முதலாளி அவருக்குப் பதிலா வாய்தாவுக்கு மட்டும்தான் போயிட்டு வரச் சொன்னாரு!”